பேரம் பேசியே செத்தவர்கள்

ஜெர்ரி லுண்டகார்ட் போட்ட கணக்கு இது. தன் மனைவி ஜீனை இரண்டு ரவுடிகளை வைத்துக் கடத்த வேண்டும். மாமனார் வேட் கஸ்டஃப்சன் பெரிய பணக்காரர், மகளுக்கு ஒன்று என்றால் பெட்டியைத் திறந்துவிடுவார். அவரிடம், “பத்து லட்சம் டாலர் கேட்கிறார்கள்” என்று அழ வேண்டும். ரவுடிகளிடமோ, “எண்பதாயிரம்தான் கேட்கப்போகிறேன், உங்களுக்கு நாற்பது, எனக்கு நாற்பது” என்று சொல்லிவைக்க வேண்டும். அட்வான்ஸாக ஒரு புதுக் கார். மிச்சம் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் தன் பைக்குள். மனைவி சிராய்ப்புகூட இல்லாமல் வீடு திரும்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜை போடுவாள்.

காகிதத்தில் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. படம் முடியும்போது ஏழு பேர் செத்திருக்கிறார்கள்.

கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’ (1996) பற்றித்தான் சொல்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 98 நிமிடம்தான். நம் ஊர்ப் படங்களில் இடைவேளை முறுக்கு தீர்வதற்குள் முடிந்துவிடும். மேலே எல்லாவற்றையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பனியில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் அந்த மரம் அரைக்கும் எந்திரத்தில். எனக்கு இது பேரத்தைப் பற்றிய படம். கொலை, கடத்தல், போலீஸ் எல்லாம் உண்டு. ஆனால் காட்சிக்குக் காட்சி யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் காசைக் கூட்டிக் குறைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தத் தொகைகள் எவ்வளவு சின்னவை என்று கவனித்தால்தான் இது ஏன் சிரிப்புப் படம் என்பதும், ஏன் சிரித்து முடித்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்பதும் புரியும்.

ஜெர்ரி கார் விற்பவன். மினியாபொலிஸில் மாமனாருக்குச் சொந்தமான டீலர்ஷிப்பில் விற்பனை மேலாளர். மாமனார் கடையில் வேலை பார்க்கும் மருமகனின் நிலைமை எந்த ஊரிலும் ஒன்றுதான். அவர் வீட்டுக்கு வந்தால் டிவியில் ஐஸ் ஹாக்கி பார்ப்பார். இவன் ஏதாவது சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஜீனுக்கும் பேரன் ஸ்காட்டிக்கும் பணத்தைப் பற்றி எந்தக் காலத்திலும் கவலை வராது என்று ஜெர்ரியின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். அந்தப் பட்டியலில் யார் பெயர் இல்லை என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

வில்லியம் ஹெச். மேஸி அந்த வாக்கியத்தை ஒரு சிரிப்போடு விழுங்குவதைப் பார்க்க வேண்டும். இந்த வேடத்துக்காக அவர் நியூயார்க்குக்கே பறந்துபோய், “எனக்குத் தராவிட்டால் உங்கள் நாயைச் சுட்டுவிடுவேன்” என்று கோயன்களிடம் வேடிக்கையாக மிரட்டிய கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜெர்ரிக்கு அந்தத் தைரியத்தில் கால்பங்கு இருந்திருந்தால் படமே இருந்திருக்காது.

அவனுக்கு எதற்காக இவ்வளவு பணம்? படம் கடைசிவரை சொல்வதில்லை. இல்லாத கார்களை இருப்பதாகக் காட்டி ஃபைனான்ஸ் கம்பெனியில் 3,20,000 டாலர் கடன் வாங்கியிருக்கிறான் என்று மட்டும் தெரிகிறது. கம்பெனிக்காரர் போனில் சீரியல் நம்பர் கேட்கிறார். ஜெர்ரி ஃபேக்ஸ் அனுப்புகிறான், படிக்க முடியாதபடி. “சரியாக விழவில்லையே சார், இன்னொன்று அனுப்புங்கள்” என்கிறார் அவர். “இதோ அனுப்புகிறேன்” என்கிறான் இவன். இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள்! அந்தப் போன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவன் கழுத்துச் சுருக்கு ஒரு சுற்று இறுகுகிறது, ஆனால் இரண்டு பக்கமும் குரல் உயரவே இல்லை. அந்தக் கடன் வாங்கிய பணத்தை என்ன செய்தான்? சூதாட்டமா, வேறு குடும்பமா, வேறு கடனா? தெரியாது. இந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். காரணம் சொல்லியிருந்தால் அவன்மேல் இரக்கம் வந்திருக்கும், இல்லை வெறுப்பு வந்திருக்கும். இரண்டும் முழுதாக வரவிடாமல் கோயன்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஜெர்ரி யாரென்று புரிய ஒரே ஒரு காட்சி போதும். புதுக் கார் எடுக்க வந்த ஒரு தம்பதி அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் காருக்கு அடிக்கும் ஒரு பூச்சு வேண்டாம் என்று முன்னாடியே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் கணவர். வண்டி பூச்சோடு வந்திருக்கிறது, பில்லும் பூச்சோடு வந்திருக்கிறது. “தொழிற்சாலையிலேயே அடித்துவிடுகிறார்கள், நான் என்ன செய்ய?” என்கிறான் ஜெர்ரி. அவர் விடவில்லை. “முதலாளியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்” என்று எழுந்து போகிறான். பக்கத்து அறையில் சக ஊழியர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஹாக்கி டிக்கெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “இதுவரை யாருக்கும் செய்ததில்லை, உங்களுக்காக நூறு டாலர் குறைக்கச் சொல்லியிருக்கிறார்” என்கிறான்.

வீடு, வண்டி, தங்கம் என்று எதையாவது விலைபேசி வாங்கிய யாருக்கும் இந்த ‘உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரும்’ நாடகம் தெரிந்திருக்கும். அந்த வாடிக்கையாளர் கண்ணில் தண்ணீர் வராத குறை. இவனைப் பொய்யன் என்று வெடிக்கிறார். வெடித்துவிட்டு, பக்கத்தில் மனைவி கூசிப்போய் உட்கார்ந்திருக்க, செக் புத்தகத்தையும் எடுக்கிறார்.

கடத்தல் திட்டமும் இதே நாடகம்தான். இங்கே வாடிக்கையாளர் மாமனார், பூச்சு மனைவி. உள்ளறைக்குப் போய்ப் பேசுவதாகப் பாவனை செய்து, இரண்டு பக்கமும் இரண்டு விலை சொல்லி, நடுவில் நிற்பதை அவன் சுருட்ட நினைக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான். கடத்தல் நடந்த அன்று வீட்டுக்கு வருகிறான். குளியலறைத் திரை கிழிந்து கிடக்கிறது, கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கேமரா அதையெல்லாம் காட்டும்போது, “வேட், நான் ஜெர்ரி, ஜீனை யாரோ...” என்று பதறும் குரல் கேட்கிறது. ஐயோ பாவம் என்று நினைக்கிறோம். அப்புறம் அதே வாக்கியம் இன்னொரு தொனியில் கேட்கிறது. ஒத்திகை பார்க்கிறான்! ஒத்திகை முடிந்தபிறகுதான் நம்பரைச் சுழற்றுகிறான்.

திட்டத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது? ரவுடிகள் முட்டாள்கள் என்பதால் சொதப்பியது என்று சொல்வது பாதி உண்மை. முதல் ஓட்டை மாமனாரிடம் இருக்கிறது, அதுவும் ஆரம்பத்திலேயே நம் கண்முன் வைக்கப்படுகிறது. ஜெர்ரி ஒரு கார் பார்க்கிங் நிலத்தைப் பார்த்து வைத்திருக்கிறான். நல்ல வியாபாரம், 7,50,000 டாலர் போட்டால் லாபம் நிச்சயம். மாமனாரிடம் அந்தப் பணத்தைக் கடனாகக் கேட்கிறான். அவரும் கணக்காளர் ஸ்டானும் ஆராய்ந்துவிட்டு, “அருமையான யோசனை, நாங்களே செய்துகொள்கிறோம், நீ கொண்டுவந்ததற்காக உனக்கு ஒரு கமிஷன்” என்கிறார்கள். ஏழரை லட்சத்தை மருமகன் கையில் கொடுக்காத மனிதர், பத்து லட்சத்தைப் பெட்டியில் போட்டு மருமகன் கையில் கொடுத்தனுப்புவார் என்று எப்படி நம்பினான்?

அந்தச் சந்திப்பு முடிந்து ஜெர்ரி வெளியே வருகிறான். உயரத்திலிருந்து எடுத்த காட்சி: வெள்ளையாகப் பரந்து கிடக்கும் பார்க்கிங், நடுவில் ஒற்றைக் கார், அதை நோக்கி ஒரு சின்னப் புள்ளி நடக்கிறது. காருக்குள் உட்கார முடியாது, கண்ணாடி முழுக்க ஐஸ் படிந்திருக்கிறது. சுரண்டியை எடுத்துச் சுரண்டுகிறான். திடீரென்று சுரண்டியை வீசி, குதித்து, காரை அடித்து ஒரு ஆட்டம் ஆடுகிறான். யாரும் பார்க்கவில்லை. ஆடி முடித்துவிட்டு அதே சுரண்டியைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி சுரண்ட ஆரம்பிக்கிறான். ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் எவ்வளவோ பிரமாண்டமான படங்களில் வேலை செய்திருக்கிறார். என்னைக் கேட்டால் அவருடைய சாதனைகளில் இந்த பார்க்கிங்கும் ஒன்று.

இதில் குரூரமான ஒரு திருப்பம் இருக்கிறது. நிலத்துக்குப் பணம் கிடைக்கும்போல் தெரிந்த சமயத்தில் ஜெர்ரி கடத்தலை நிறுத்தத்தான் பார்க்கிறான். ரவுடிகளை அறிமுகப்படுத்திய மெக்கானிக்கிடம் ஓடுகிறான். மெக்கானிக்கோ, “இரண்டு பேரில் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும், எப்படிப் பிடிப்பது என்று தெரியாது” என்று சொல்லிவிடுகிறான். 1987-இல் நடக்கும் கதை, செல்போன் காலமல்ல. புறப்பட்ட வண்டி புறப்பட்டதுதான்.

சரி, ரவுடிகளிடம் வருவோம். கார்ல், கேயார். ஸ்டீவ் புஷெமியும் பீட்டர் ஸ்டோர்மேரும். ஒருவன் வாயை மூடமாட்டான், ஒருவன் வாயைத் திறக்கமாட்டான். ஜீனைப் பின்சீட்டில் போர்வைக்குள் அமுக்கிப் போட்டுக்கொண்டு இரவில் போகிறார்கள். பிரெய்னர்ட் அருகே, பால் பன்யன் என்ற கதைகளில் வரும் மரவெட்டியின் பெரிய சிலையைத் தாண்டியதும், நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்துகிறார். குற்றம் என்ன? புதுக் காருக்குத் தற்காலிகப் பதிவு அட்டையை ஒட்டவில்லை. அவ்வளவுதான். கார்ல் பர்ஸை நீட்டுகிறான், அதில் ஐம்பது டாலர் நோட்டு ஒன்று வேண்டுமென்றே துருத்திக்கொண்டிருக்கிறது. “இங்கேயே முடித்துக்கொள்ளலாமே” என்கிறான். போலீஸ்காரர் நேர்மையானவர். பின்சீட்டில் ஒரு முனகல். கேயார் அவர் தலையைப் பிடித்து இழுத்துச் சுடுகிறான். அந்த வழியாக வந்த ஒரு காரில் இருந்த இருவரும் பார்த்துவிடுகிறார்கள், அவர்களையும் துரத்திப்போய்ச் சுடுகிறான். படியாத ஐம்பது டாலர் பேரத்துக்கு மூன்று பிணம்.

உடனே விலை ஏறுகிறது. “ரத்தம் சிந்தியாகிவிட்டது, இனி முழு எண்பதாயிரமும் எங்களுக்கு” என்று ஜெர்ரிக்குப் போன் செய்கிறான் கார்ல். அவன் கணக்கில் அது பெரிய உயர்வு. ஜெர்ரி வேறு எண்ணில் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் ஜெர்ரி, மாமனார், ஸ்டான் மூவரும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பிணைத்தொகையைப் பற்றிப் பேசுகிறார்கள். மாமனார் சொல்கிறார்: ஐந்து லட்சம் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தால் என்ன? சொந்த மகள்! ஸ்டான்தான், “இது மாட்டு வியாபாரம் இல்லை வேட்” என்கிற மாதிரி அடக்குகிறார். அதே ஸ்டான்தான் கிளம்பும்போது, “ஸ்காட்டி எப்படி இருக்கிறான்?” என்று விசாரிக்கிறார். ஜெர்ரியின் முகத்தில் அப்போது ஒரு வெறுமை. அம்மாவைக் காணாமல் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று அதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் திட்டத்தில் மகன் என்று ஒரு வரி இருப்பதையே மறந்துபோயிருக்கிறான்.

பேரத்தின் உச்சம் நான்கு டாலர். கார்ல் வேறொரு காரின் நம்பர் பிளேட்டைத் திருடுவதற்காக விமான நிலைய பார்க்கிங்குக்குள் போகிறான். திருடிவிட்டு வெளியே வந்தால் கூண்டில் இருக்கும் ஊழியர், “நிறுத்தாவிட்டாலும் குறைந்தபட்சக் கட்டணம் நான்கு டாலர்” என்கிறார். மூன்று கொலையில் பங்கிருக்கிறது, கடத்திய பெண் குடிலில் கட்டுண்டு கிடக்கிறாள், போலீஸ் தேடுகிறது. இவன் நான்கு டாலருக்கு அந்த ஊழியரோடு மல்லுக்கு நிற்கிறான், அவர் வாழ்க்கையையே எள்ளி வசைபாடுகிறான். இன்னொரு பார்க்கிங்கில்தான் பணம் கைமாற வேண்டும். அங்கே பெட்டியோடு வருவது மாமனார். மருமகனை நம்பவில்லை, துப்பாக்கியும் கொண்டுவந்திருக்கிறார். “பெண்ணைக் காட்டு, அப்புறம்தான் பணம்” என்கிறார். அதுவரை எல்லோரையும் படியவைத்தே பழகிய மனிதர். கார்ல் சுட்டுவிடுகிறான். சாகும்போது அவர் சுட்ட குண்டு கார்லின் தாடையைக் கிழிக்கிறது. வெளியேறும் வழியில் இருந்த ஊழியரும் சாகிறார். பின்னாலேயே வந்து சேரும் ஜெர்ரி, மாமனாரின் பிணத்தைப் பார்த்துவிட்டுத் தன் காரின் டிக்கியைத் திறக்கிறான். அலறல் கிடையாது, அழுகை கிடையாது. அவனுக்கு எல்லாமே சரக்கு.

முகத்தில் ரத்தத் துணியை அழுத்திக்கொண்டு கார்ல் நெடுஞ்சாலையோரம் பெட்டியைத் திறக்கிறான். எண்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து லட்சம். புஷெமியின் கண்கள் அந்த ஒரு கணத்தில் செய்வதை வார்த்தையில் எழுத முடியாது. எண்பதாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சம் 9,20,000 டாலரைப் பெட்டியோடு வேலியோரப் பனியில் புதைக்கிறான். அடையாளம் வேண்டுமே? இடது பக்கம் பார்க்கிறான்: கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே மாதிரி வேலிக் கம்பங்கள். வலது பக்கம் பார்க்கிறான்: அதே. கண்ணாடி சுரண்டும் சிவப்புச் சுரண்டி ஒன்றைப் பனியில் குத்திவிட்டுப் போகிறான்.

குடிலுக்குத் திரும்பினால் ஜீன் செத்துக் கிடக்கிறாள். கத்தினாளாம், கேயார் கொன்றுவிட்டான். எண்பதாயிரத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். காரை மட்டும் பிரிக்க முடியவில்லை. “பாதிக் காரின் விலையைக் கொடு” என்கிறான் கேயார். ஒன்பது லட்சத்தை ஒளித்து வைத்திருப்பவன் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்? “காரை நீயே வைத்துக்கொள் ராசா” என்று சாவியை வீசிவிட்டு நடையைக் கட்ட வேண்டாமா? வாய் கிழிந்த நிலையிலும் சண்டை போடுகிறான். கோடாரி விழுகிறது. அதற்குமேல் கார்லின் உடலை விழுங்கும் அந்த மர எந்திரம், பனியில் சிவப்பு, உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மார்ஜ் கண்டர்சன் இந்தக் கதைக்குள் வருவதே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படம் முடிந்தபிறகு. பிரெய்னர்ட் ஊர்ப் போலீஸ் தலைவர், ஏழு மாதக் கர்ப்பிணி. விடியுமுன் போன் வருகிறது, மூன்று கொலை. கணவர் நார்ம் எழுந்து, “முட்டை போட்டுத் தருகிறேன், சாப்பிடாமல் போகாதே” என்கிறார். மூன்று பிணம் காத்திருக்க, ஒரு மனைவி நிதானமாக முட்டை சாப்பிடுகிறார். இந்தப் படத்தை என்னோடு சேர்ந்து பார்த்த நண்பர், “கடத்தல் படம்னு கூட்டிட்டு வந்து உட்கார வச்ச, இதுல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே?” என்று கேட்டார். சரியான கேள்வி. மார்ஜ் சாப்பிடும் காட்சிகளில் யாரும் யாரிடமும் எதையும் விலை பேசுவதில்லை. படத்தில் வேறு எங்கே அப்படி இருக்கிறது?

அவர் துப்பறிவதும் அலட்டல் இல்லாமல்தான். காலடித் தடத்தைப் பார்த்து ஒருவன் பெரிய உருவம், இன்னொருவன் சின்னவன் என்கிறார். குனிந்து நிற்கிறார். ஏதோ தடயம் கிடைத்துவிட்டது என்று உதவியாளர் லூ பரபரக்கிறார். குமட்டலாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட, மறுபடி பசிக்கிறது என்கிறார். செத்துப்போன போலீஸ்காரரின் குறிப்பேட்டில் கடைசியாக எழுதியிருந்த ‘டிஎல்ஆர்’ என்ற மூன்று எழுத்தை வைத்து, அந்த எழுத்துகளில் தொடங்கும் நம்பர் பிளேட்டைத் தேடச் சொல்லியிருக்கிறார் லூ. அது டீலர் பிளேட் என்று மார்ஜ் விளக்குவது இருக்கிறதே, ஒரு மேலதிகாரி கீழே வேலை பார்ப்பவரைத் திருத்துவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அவமானப்படுத்தாமல், ‘உங்கள் முடிவோடு எனக்கு நூறு சதவீதம் உடன்பாடில்லை’ என்கிற அளவில் சொல்லிவிட்டு, லூ முகம் வாடியதும் ஒரு கடி ஜோக் சொல்லி ஆற்றிவிடுகிறார்.

ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு இதற்காக ஆஸ்கர் கிடைத்தது. மூலத் திரைக்கதைக்காகக் கோயன்களுக்கும் ஒன்று. ஏழு பரிந்துரை, இரண்டு விருது. சிறந்த படம் அந்த வருடம் ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’. இன்று இரண்டில் எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படத்தொகுப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட ராடரிக் ஜேன்ஸ் என்றொரு ஆளே கிடையாது, கோயன்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். விருது கிடைத்திருந்தால் மேடையில் யார் ஏறியிருப்பார்களோ.

நடுவில் மைக் யானகிட்டா என்று ஒருவர் வருகிறார். மார்ஜின் பள்ளித் தோழர். மினியாபொலிஸ் ரேடிசன் ஓட்டலில் சந்திக்கிறார்கள். அவர் மனைவி புற்றுநோயில் இறந்துவிட்டதாகச் சொல்லி உடைந்து அழுகிறார். பிறகு வேறொரு தோழியிடம் போனில் பேசும்போது தெரிகிறது: அவளை அவர் மணக்கவே இல்லை, அவள் உயிரோடும் இருக்கிறாள், இவர்தான் தொந்தரவு கொடுத்துவந்திருக்கிறார். முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்தக் காட்சி எதற்கு என்று கேட்பார்கள். கதைக்குச் சம்பந்தமே இல்லையே! அந்தப் போனை வைத்துவிட்டு மார்ஜ் ஒரு கணம் யோசிக்கிறார். அடுத்து நேராக ஜெர்ரியின் மேஜைக்குத் திரும்பிப் போகிறார். முதல் சந்திப்பில் ‘எங்கள் கார் எதுவும் காணாமல் போகவில்லை’ என்று ஜெர்ரி சொன்னதை அப்படியே நம்பிவிட்டு வந்தவர் அவர். இப்படி முகம் பார்த்து அழுகிற மனிதரே பொய் சொல்வாரென்றால், சிரித்துக்கொண்டே பதில் சொன்ன கார் வியாபாரி? படம் இந்த முடிச்சை வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த விளக்கத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் சரியென்றே படுகிறது. ஆனால் அந்தக் காட்சி வெறும் துப்பு மட்டுமே என்றால் அவ்வளவு நேரம் ஓடியிருக்காது. மைக்கும் விற்கத்தான் வந்திருக்கிறார். அவரிடம் இருக்கும் ஒரே சரக்கு பரிதாபம்.

இரண்டாம் சந்திப்பில் ஜெர்ரி, “இதோ ஸ்டாக்கை எண்ணிவிட்டு வருகிறேன்” என்று எழுந்து போகிறான். அதே பழைய ‘உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரும்’ நாடகம். இந்தத் தடவை மார்ஜ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். கார் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

படம் தொடங்கும்போது, இது உண்மைக் கதை, 1987-இல் மினசோட்டாவில் நடந்தது, உயிரோடிருப்பவர்கள் கேட்டதால் பெயர்களை மாற்றியிருக்கிறோம் என்றெல்லாம் அட்டை போடுகிறார்கள். பச்சைப் பொய். கடைசியில் ஓடும் எழுத்துகளிலேயே ‘எல்லாம் கற்பனை’ என்ற வழக்கமான வாசகமும் வருகிறது. கனெக்டிகட்டில் 1986-இல் ஒரு விமானி மனைவியைக் கொன்று மர எந்திரத்தில் போட்ட வழக்கு ஒன்று உண்மையில் உண்டு, எந்திரம் அங்கிருந்து வந்தது. மற்றது பெரும்பாலும் சமைத்தது. கார் வியாபாரியின் கதையைச் சொல்ல வந்தவர்கள் முதல் வாக்கியத்திலேயே நம் தலையில் ஒரு பூச்சு அடித்துவிட்டார்கள். தலைப்பும் அப்படித்தான். ஃபார்கோ நகரம் முதல் காட்சியில் ஒரு பார் வழியாக மட்டும் வருகிறது, அந்த பார் காட்சியையும் மினியாபொலிஸில்தான் எடுத்தார்கள். பிரெய்னர்டின் அந்தச் சிலை வடக்கு டகோட்டாவில் படத்துக்காகக் கட்டியது. பனியைத் தேடிப்போய்ப் படம்பிடித்த வருடம் பார்த்து மினியாபொலிஸ் பக்கம் பனியே சரியாக விழவில்லை. கோயன்கள் அதன் புறநகரான செயின்ட் லூயிஸ் பார்க்கில் பிறந்து வளர்ந்தவர்கள். சொந்த ஊர் வானிலையே அவர்களை ஏமாற்றிவிட்டது.

எனக்கு இந்தப் படத்தோடு ஒரு கணக்குத் தீராமல் இருக்கிறது. அது ஜீன். அவள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி பின்னிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முகமூடி போட்ட ஒருவன் கடப்பாரையோடு எட்டிப்பார்க்கிறான். அவளும் ஏதோ தோட்டக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் ஓட்டம், குளியலறைத் திரை சுற்றிக்கொள்ள மாடிப்படியில் உருளல். கடி வாங்கிய கேயார் நிதானமாக மருந்து தேடுகிறான். சிரிக்காமல் இருக்க முடியாது. குடிலுக்குக் கொண்டுபோனதும் தலையில் முக்காடோடு பனியில் கண்மண் தெரியாமல் ஓடுகிறாள், கார்ல் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அந்த இடத்தில் நானும் சிரித்திருக்கிறேன். பிறகு அவளுக்கு வசனமும் இல்லை, சாவுக்குக் காட்சியும் இல்லை. அவளுக்குப் பிடித்தது என்ன, கணவனைப் பற்றி என்ன நினைத்தாள், ஒன்றும் தெரியாது. கடத்தியவர்கள் அவளை நடத்தியதற்கும் திரைக்கதை அவளை நடத்தியதற்கும் எவ்வளவு தூரம்? மற்றவர்கள் அவளைச் சரக்காகப் பார்த்ததைக் காட்டுவதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். ஸ்காட்டியும் அப்படித்தான், பாதியில் விட்டுவிடுகிறார்கள். தாத்தா, அம்மா, அப்பா மூவரையும் சில நாட்களில் இழந்த பையன் என்ன ஆனான் என்று மார்ஜ்கூடக் கேட்பதில்லை.

கேயாரைப் பிடித்து போலீஸ் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது மார்ஜ் செத்தவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறார். எல்லாம் எதற்காக, கொஞ்சம் பணத்துக்காகவா என்று கேட்கிறார். அவருக்குத் தொகை தெரியாது என்பதை யோசித்துப் பாருங்கள். கேயாருக்கும் தெரியாது, அவன் கார்லைக் கொன்றது பாதிக் காருக்காக. ஜெர்ரிக்குப் பத்து லட்சம் தெரியும், எங்கே போனது என்று தெரியாது. வடக்கு டகோட்டாவில் ஒரு மலிவு விடுதியின் குளியலறை ஜன்னல் வழியாக உள்ளாடையோடு தப்பிக்கப் பார்த்து அகப்படுகிறான். இடம் தெரிந்த ஒரே ஆள் எந்திரத்துக்குள் போய்விட்டான். அன்று இரவு நார்ம், தான் வரைந்த காட்டு வாத்துப் படத்தை மூன்று சென்ட் தபால்தலைக்குத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார். போட்டியாளருக்கு இருபத்தொன்பது சென்ட் கிடைத்துவிட்டது. தபால் கட்டணம் உயரும்போதெல்லாம் ஜனங்களுக்குச் சின்னத் தபால்தலைதான் தேவைப்படும் என்று தேற்றுகிறார் மார்ஜ். படத்தில் இவ்வளவு குறைந்த தொகையில் சந்தோஷமாக முடிந்த வியாபாரம் இது ஒன்றுதான்.

அந்த 9,20,000 டாலர்? 2014-இல் வந்த ‘ஃபார்கோ’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் ஒருவருக்கு அது கிடைத்துவிடுகிறது. சாலையோரத்தில் வண்டி நின்றுபோய்த் தவிக்கும் மனிதர் வேலியோரம் சிவப்புச் சுரண்டியைப் பார்க்கிறார், தோண்டுகிறார், பின்னாளில் சூப்பர்மார்க்கெட் அதிபர் ஆகிறார். தொடரை நோவா ஹாலி நன்றாகவே எடுத்திருக்கிறார், பில்லி பாப் தோர்ன்டனுக்காகவே பார்க்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம். அத்தனை பேர் செத்தும் யாருக்கும் சேராத பணத்தை, எவனோ ஒருவனிடம் கொடுத்துக் கணக்கை நேர்செய்ய இவர்களுக்கு என்ன அவசியம் வந்தது?